பெண் வீட்டாருக்குச் சுட்ட பன்

மாமல்லபுரம் குப்பம்,
9-3-2003, ஞாயிறு.

அன்பு மகன் சுதாகருக்கு உன் அம்மா ஞானம்மாள் எழுதிக்கொண்டது. எல்லையம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், படகும் வலையும் சுகம், என் வாயும் சுகம். ரோமாபுரியில் நீயும் நீ வேலை பார்க்கும் ரொட்டிக் கடை அடுப்பும் சுகமாக இருக்க அம்மனுக்கு விளக்கு வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் திட்டினால் நீ குறுக்கே பேசுவாய், லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் அதெல்லாம் நடக்காது, கடைசி வரி வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் படித்தவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி.

வெள்ளிக்கிழமை ஸ்வாதியும் அவள் அப்பா அம்மாவும் நம் வீட்டைப் பார்க்க வந்து போனார்கள். என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் நீ தவித்துக்கொண்டிருப்பாய், இன்னும் கொஞ்சம் தவி. அந்தப் பன்னை வைத்து என்னை நான்கு நாள் தவிக்க வைத்தாய் அல்லவா. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நீ கம்ப்யூட்டர் கற்றதாக ஞாபகம் இல்லை, அந்தப் பெண்ணைத்தான் கற்றுக்கொண்டு வந்தாய். சரி, பெண் நல்ல பெண், நான் குறை சொல்லவில்லை. அவள் அப்பா லக்ஷ்மிநாராயணன் சாருக்குக் கல்பாக்கத்தில் பெரிய உத்தியோகம், முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு, பெண்ணைக் கொண்டுபோய்க் குப்பத்தில் கொடுப்பதா என்று அவர் ஒரு வருஷமாக யோசித்து, ஒரு நடை வந்து பார்க்கிறோம் என்று இறங்கி வந்தார். அந்த மாதிரி மனுஷர் வருகிற அன்று கேசரி கிண்டி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் காப்பி கொடுத்தால் முடிந்தது. நீ விட்டாயா. வெள்ளைக்காரர் ஒருவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாய். அதில் ஈஸ்ட், உலர்ந்த திராட்சை, பஞ்சில் சுற்றி ஒரு மோதிரம், கிரீம் அடைத்த பன் ஒன்றுக்கு நான்கு பக்கத்துக்குச் செய்முறை. என் தொழில் என்ன என்று அவர்கள் வாயில் போட்டுப் பார்க்கட்டும் அம்மா என்று எழுதியிருந்தாய். உன் தொழிலை என் கையால் செய்து அவர்கள் வாயில் போட வேண்டுமாம். நல்ல தொழில்.

அந்த ஊரில் மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஆண்பிள்ளைகள் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இந்தப் பன்னைக் கொடுப்பது பழைய வழக்கமாம், நடுவில் மோதிரத்தை ஒளித்து வைப்பார்களாம், அதே மாதிரி ஸ்வாதிக்குக் கொடுக்கிற பன்னில் வைக்கச் சொன்னாய். தங்கத்தை எச்சில் பண்ணுகிற ஊரில் இருந்துகொண்டு நீ என்ன நல்லதைக் கற்றுக்கொள்ளப் போகிறாய். மகாலட்சுமியைக் கொண்டுபோய்ப் பாலாடைக்குள் புதைத்து, அதை ஒருத்தி கடித்து, ஒன்று பல்லு போக வேண்டும் இல்லாவிட்டால் மோதிரம் வயிற்றுக்குள் போக வேண்டும். நான் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். அதற்கு நீ என்ன கோபித்தாலும் சரி.

பன் விஷயத்துக்கு வருகிறேன். மைதாவும் பாலும் தேனும் ஆரஞ்சுத் தோலும் போட்டுப் பிசைந்து ராத்திரி வைத்தால் ஈஸ்ட் பொங்கும் என்றாய், பொங்கியது, மூடியைத் தள்ளிக்கொண்டு பாயில் இறங்கியது. உன் அப்பா விடிகாலையில் படகுக்குக் கிளம்பும்போது மிதித்துவிட்டு, இன்னாடி இது, வூட்டுக்குள்ள கொழகொழன்னு சொறிமீன் ஒதுங்கிக்கினு கீது என்றார். நூற்றியெண்பது டிகிரி சூடு என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் எனக்குத் தெரிந்த டிகிரி ஜுரத்துக்குப் பார்க்கிற டிகிரி ஒன்றுதான், அதில் நூற்றியெண்பது கிடையாது. அடுப்புக்கு எங்கே போவது. அண்டாவில் மணல் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டு வைத்து, மூடியின்மேல் தணல் போட்டு வேக வைத்தேன். முதல் தடவை வாசலில் கிடக்கிற கடல்மணலைத்தான் அள்ளினேன், அதிலிருந்த கிளிஞ்சல் எல்லாம் படபடவென்று வெடித்தது, பக்கத்து வீட்டு சாந்தா ஓடிவந்து, இன்னாக்கா, கல்யாணம் அதுக்குள்ள முடிஞ்சி பட்டாசு கொளுத்துறியா என்று கேட்டாள். அப்புறம் வீடு கட்டுகிற இடத்தில் ஆற்றுமணல் கேட்டு வாங்கி வந்தேன். இருபத்துநான்கு சுட்டதில் எட்டு கரி, பத்து கல், ஆறுதான் பன். அந்த ஆறையும் ஏன் கேட்கிறாய், கனம் இல்லை, காரம் இல்லை, நடுவில் கிழித்துப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. இதைத்தான் உங்கள் ஊரில் காலை நாஸ்தாவாகத் தின்கிறார்களாம். தின்றுவிட்டு எந்த வேலைக்குப் போவார்கள், உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலைக்குத்தான் போவார்கள். இதைத் தின்றுவிட்டு உன் அப்பா படகைத் தள்ளினால் முதல் அலையிலேயே படகு இவரைத் தள்ளிவிடும். சுடச்சுட ஒரு குழிப்பணியாரத்துக்கு முன்னால் நிற்குமா இது. இதற்கு ஒரு கடை, கடைக்கு ஒரு வரிசை, வரிசையில் நிற்பவர்களுக்குப் பன் கிழிக்க நம் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளை. மீனைக் கிழித்துக் குடலை வெளியே எடுப்பது நம் தொழில், நீ ரொட்டியைக் கிழித்து வெள்ளையை உள்ளே அடைக்கப் போயிருக்கிறாய்.

கிரீம் கதை அதைவிடக் கேவலம். சாந்தா வீட்டு எருமைப் பாலில் நான்கு நாள் ஆடை எடுத்து, சர்க்கரை போட்டு அடி அடி என்று எழுதினாய், அடித்தேன், வெண்ணெய் ஆகிவிட்டது. ஆடையை அடித்தால் வெண்ணெய் வரும் என்பது எருமைக்கே தெரியும், எழுதின உனக்குத் தெரியாது. வியாழக்கிழமை நீ பேசியபோது அதைச் சொன்னேன், ஐஸில் வைத்துக் குளிர வைத்து அடி என்றாய். நம் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது, ஆனால் ஐஸுக்கா பஞ்சம். கம்பெனிக்கு வஞ்சிரம் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, புது ஐஸ் உடைத்துப் போட்டு, மிச்ச ஆடையைப் பாத்திரத்தோடு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தேன். விடிந்து அடித்தால் சும்மா சொல்லக்கூடாது, பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. உன் அப்பா விரலால் வழித்துத் தின்றுவிட்டு, ஷோக்கா கீது என்றார். நானும் தின்றேன், எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டை வேறு இரண்டு நாளாகக் கழுவித் தள்ளியிருந்தேன். வலை, கருவாட்டுக் கூடை, என் மீன் அன்னக்கூடை எல்லாம் சாந்தா வீட்டுக்குக் குடிபோயின, மூலைக்கு மூலை சாம்பிராணி. இந்த வீட்டில் மீன் என்று ஒன்று இருந்ததாக மோப்ப நாய்கூடச் சொல்லாது என்று எனக்குள் ஒரு திமிர்.

நான்கு மணிக்கு வந்தார்கள். சார் வெள்ளைச் சட்டை, அந்த அம்மா பட்டு, ஸ்வாதி சாதாரண சுடிதார். முட்டை போடவில்லை சார், சுத்த சைவம், உங்களுக்காகவே பையன் கோடு போட்டு எழுதியிருக்கான் என்று சொல்லித்தான் தட்டை நீட்டினேன். சார் ஒரு கடி கடித்தார். கடித்த வாய் அசையவில்லை. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ரொம்பவும் மரியாதை தெரிந்த மனுஷர். அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் வைத்து மடித்தார், ஏதோ விஷப்பாம்பைப் பிடித்துப் போட்ட மாதிரி. அப்புறம் மெதுவாக, இதுல மீன் வாசனை வருதே என்றார். எனக்குச் சுருக்கென்றது, நான்கு நாள் உழைப்பு, கோபம் வந்துவிட்டது, எங்க வூட்ல நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளா ஒரு நெத்திலிகூட நுழையலம்மா என்று சொன்னேன். உன் அப்பா வேறு என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பெட்டிய நல்லாத்தான் கழுவினா சார், நானே தண்ணி எறச்சி குடுத்தேன் என்றார். எந்தப் பெட்டி என்று அந்த அம்மா கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்குள் கிடந்த ஆடை வஞ்சிரத்தைக் குடித்திருக்கிறது. நம் மூக்குக்கு அது காற்று மாதிரி, நமக்கு எப்படித் தெரியும். முட்டைக்குக் கோடு போட்ட நீ, ஐஸுக்கும் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் உன் ஸ்வாதி ஒரு பன்னை முழுசாகத் தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்து, ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி என்றாள், எழுந்து பின்பக்கம் போனாள், கைபம்பு அடியில் உட்கார்ந்து அத்தனையையும் வாந்தி எடுத்தாள். நான் பம்பு அடித்துத் தண்ணீர் விட்டேன். பொய் சொல்றதுக்குக் குடலு ஒத்துக்கலியே உனக்கு என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எருமைப் பாலு நல்லாத்தான் இருந்தது ஆன்ட்டி, அந்த மீன்தான் நடுவுல வந்து கெடுத்துது என்றாள். அந்த இடத்திலேயே முந்தானையை அவிழ்த்து மோதிரத்தைக் காட்டினேன், பன்னுக்குள் வைக்கச் சொன்னான், நான்தான் வைக்கவில்லை, இந்தா என்றேன். வாங்கிப் பார்த்தாள், விரலில் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன், போடவில்லை. அவரே வந்து போடட்டும் என்று என் கையிலேயே வைத்து மூடிவிட்டாள். எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது, உன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாளே என்று அவள் அறிவைப் பற்றி மட்டும்தான் சந்தேகம்.

உள்ளே வந்து பார்த்தால் சார் வாழைப்பழம் ஒன்று உரித்துத் தின்று தெம்பாகியிருந்தார். போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்துவிடுவார்கள், கதை முடிந்தது என்றுதான் நான் நின்றேன். அவர் எழவில்லை. மீன் ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா, நீங்க வேணும்னு செய்யல என்றார். பலகாரம் வந்திருக்கு, மோதிரம் வந்திருக்கிறதா பையன் போன்ல சொன்னான்னு என் பொண்ணு முன்னாடியே சொன்னா, நாலு பக்கம் லெட்டர் வந்திருக்கு, எல்லாம் வந்திருக்கு, பையன் ஏன் வரலை என்று கேட்டார். உன் அப்பா, லீவு குடுக்க மாட்டேன்றாங்க சார் என்றார். அதற்கு அவர், இவ பொறந்தப்போ நான் ராஜஸ்தான்ல இருந்தேன், லீவு இல்லைன்னு மூணு மாசம் கழிச்சுதான் வந்து பார்த்தேன், என் வீட்டுக்காரி இருபத்துநாலு வருஷமா அதைச் சொல்லிக் காட்டறா, லீவுங்கறது கேட்டா வர்றது என்றார். அந்த அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார். கடைசியாக எப்போது வந்தான் என்று சார் கேட்டார். தொண்ணூற்றொன்பது பொங்கல் கழித்துப் போனவன் இன்னும் வரவில்லை என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது என் நாக்கு கொஞ்சம் தடுக்கியது, கிரீம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவர் முடிவாகச் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன். கூடுவாஞ்சேரியில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பையன் வீட்டில் ஸ்வாதியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதைச் சித்திரை மாதம் முடிகிற வரைக்கும் தள்ளி வைக்கிறாராம். அதற்குள் நீ நேரில் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து பெண்ணைக் கேட்டால் மற்றது பேசலாம். கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், பன் வேண்டவே வேண்டாம் என்றார். நாலு வருஷமா பெத்தவங்களையே பார்க்க வராதவன் என் பொண்ணை மட்டும் எப்படிப் பார்த்துப்பான்னு நான் எதை வெச்சு நம்பறது என்றும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு எதற்கும் பதில் வரும் என்பது உனக்குத் தெரியும், போலீஸ்காரனுக்கே பதில் சொன்னவள் நான். அன்றைக்கு மிச்சம் இருந்த பன்னைத் தட்டோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

டேய், நான் கேட்க வேண்டியதை அந்த மனுஷர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டால் வேலை கெடுமோ, அங்கே தங்குவதற்கு வைத்திருக்கிற காகிதம் கெடுமோ என்று பயந்துகொண்டு உன் பன்னைக் கேலி பண்ணிக்கொண்டு இருந்தேன். இப்போது கேட்கிறேன், எப்போது வருகிறாய். உன் முதலாளியிடம் போய், என் அம்மா நீ விற்கிற பன்னைக் காறித் துப்புகிறாள், அவள் வாயை அடைக்க நான் நேரில் போக வேண்டும் என்று சொல், லீவு கொடுப்பான். கொடுக்காவிட்டால் அது உன்னோடு போகட்டும், அந்தப் பெண்ணை மட்டும் சித்திரைக்கு மேல் வாசலில் நிற்க வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, குளிருக்குக் காதைக் கட்டு. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், படகுக்குப் போகும்போது சொன்னதால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். எல்லையம்மன் உன் கையையும் காலையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், அந்தக் காலால் நீ வீடு வந்து சேர வேண்டும். டிக்கெட் எடுத்ததும் தேதியை முதலில் கல்பாக்கத்துக்குச் சொல், அப்புறம் எனக்குச் சொல். எனக்கு ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது, பழக்கம்தான்.

இப்படிக்கு,
உன் பன்னைத் தின்று இன்னும் உயிரோடு இருக்கிற
அம்மா ஞானம்மாள்