ஐங்கோணங்களுக்கு நடுவே ஒரு சந்து

ஜூன் 9, திங்கள்

என்னிடம் கணக்கு படித்த பிள்ளைகளை என் தங்கை பறித்துக்கொண்டாள். வேறு எப்படிச் சொல்வது? யாரிடமும் பாடம் கேட்காமல் நானே கற்ற கணக்கை இந்த முன்னறையில் இத்தனை வருடம் நடத்தினேன். ஓவிய ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்று மாடிக்குக் குடிவந்தவள், வண்ணத்தாளையும் கத்தரியையும் வைத்துக்கொண்டு அதே கணக்கை நடத்துகிறாள். இன்று என் எதிரே மூன்றே பேர். மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை.

ஜூன் 11

மேலே ஒரே சிரிப்பு. கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 14, சனி

பிள்ளைகளைப் படம் வரையப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தாள். துணி காயப்போடுகிற சாக்கில் மேலே போனேன். சுவர் முழுக்கத் தாள் ஐங்கோணங்கள். அழகாகத்தான் இருந்தன. அதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. ஆனால் மூன்று ஐங்கோணங்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரு சந்து. ஒழுங்காக ஒட்டக்கூடத் தெரியவில்லை, இதற்கா இத்தனை கூட்டம்? தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா வர என்னால் முடியாது. தாள் வெட்டி எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜூன் 16

விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா, சுவத்துல கை வெச்சியா?"

"ஓட்டை ஓட்டையா விட்டிருந்தே. அடைச்சேன்."

"அந்த ஓட்டைதான்க்கா பாடம். ஏன் சேரலன்னு அதுங்களே இன்னைக்குக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டிருந்தேன். உனக்குப் போய் நான் சொல்லணுமா?"

வேண்டாம்தான். ஒழுங்கு ஐங்கோணத்தின் மூலை நூற்றெட்டு பாகை. மூன்று மூலை சேர்ந்தால் முந்நூற்று இருபத்துநான்கு. முழுச் சுற்றுக்கு முப்பத்தாறு குறையும். எத்தனை பேருக்கு நடத்தியிருக்கிறேன். சுவரில் கண்ணெதிரே நின்றபோது தெரியவில்லையே — இல்ல, தெரிய விடல. வயித்தெரிச்சல் கண்ண மறைச்சிடுச்சு.

ஜூன் 17

மாடிக்குப் போகிற பெண் ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். "பெரிய டீச்சர், நீங்க ஒட்டுன துண்டையெல்லாம் அளந்தோம். கூர்முனை எல்லாமே முப்பத்தாறு. ஏன்னு கேட்டா மாடி டீச்சர் சொல்லல. கீழ போய்க் கேளுன்னாங்க."

பெருந்தன்மையாம். அதையும்தான் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் சொன்னேன். நாலு பேர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஜூன் 18

மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. செய்ய வேண்டியவை:

ஒட்டிய துண்டுகளைச் சுவர் கெடாமல் உரிப்பது — நான்.
ஏணியைப் பிடிப்பது — அவள்.
சந்தே விழாத உருவம் எதுவென்று வெட்டிப் பார்ப்பது — பிள்ளைகள். அவள் வாயைத் திறக்கக் கூடாது.
என் கரும்பலகையை மாடிக்குத் தூக்குவது — நாங்கள் இருவரும். முன்னால் நான்தான் ஏறுவேன்.