நடந்துகொண்டே வாசித்த ஜாஸ்

அன்புள்ள மகளுக்கு,

நீ தொடங்கிய 'ஜாஸ் நேரம்' நிகழ்ச்சி தொடரும் என்று நம் சமுதாய வானொலியின் பொறுப்பாளர் விக்டோரியா இன்று காலை உறுதி செய்தார். கும்மிடிப்பூண்டியில் இதை யார் கேட்பது என்று சிரித்து உன்னை வெளியேற வைத்த அதே நிர்வாகக் குழு, இப்போது ஒருமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

கவரைப்பேட்டை பேண்டு செட்டை வரவழைத்து, நீ விட்டுச்சென்ற ஜாஸ் பதிவுகளைக் கேட்க வைத்தேன். நேற்று மாலை நேரலைக்கு வந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் தடுமாறினார்கள். சாவுக்கும் தேர்ப்பவனிக்கும் தெருவில் நடந்தே வாசித்துப் பழகியவர்கள்.

"உக்காந்தா மூச்சே வரல சார். மைக்க வெளிய வச்சிடு, நடந்துக்கினே ஊதறோம்" என்றார் ட்ரம்பெட் அந்தோணி.

நிலைய முற்றத்தில் மைக்கைச் சுற்றி நடந்து ஜாஸ் வாசித்தார்கள். ஷிப்டு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பின்னாலேயே நடந்தார்கள்.

"இன்னா நைனா, பொணமே இல்லாம ஊர்வலமா?" என்றார் ஒருவர்.

"உன்னியதான் தேடிக்கினு இருந்தோம்" என்றார் அந்தோணி.

அந்தச் சிரிப்பும் ஒலிபரப்பானது. மறுபடி எப்போது என்று கேட்டு இரவு வரை போன் ஓயவில்லை.

அறிவிப்பாளர் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. சனிக்கிழமை வரை உன் பதிலுக்குக் காத்திருப்பதாக விக்டோரியா சொன்னார். அம்மாவோ, உன் ரயில் எது என்று இப்போதே கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா