அம்மாவின் கிண்ணத்து நட்டோ

மிட்டோ,
நவம்பர் 9

அன்பு மகள் அயானோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, போன செவ்வாய்க்கிழமை டாக்டரே ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னது. பின்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் என்றால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள், என் கதை வெளியே வராது.

கோடையில் இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் இல்லையா, அதைக் கொடுத்த அன்றே டாக்டர் இசாகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. "ஐயா, இனிமே நட்டோ ஒரு வாய் கூடக் கூடாது. அதுல இருக்கிற வைட்டமின் கே மாத்திரையை வேலை செய்ய விடாது" என்றாள். நட்டோவுக்கே பேர்போன மிட்டோக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? பல் முளைத்த நாள் முதல், காலையில் சுடுசோற்றின்மேல் நூல் நூலாக இழுபடும் அந்தப் புளிக்கவைத்த சோயா இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. "சோயா உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானேம்மா சொல்றீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அதே சோயாவில் செய்த டோஃபு தாராளமாகச் சாப்பிடலாமாம், நல்ல புரதமாம், கறி தின்பதைவிட இதயத்துக்கு இதமாம். மிசோ சூப்பும் உப்பைக் குறைத்துக் குடிக்கலாமாம். நட்டோ ஒன்றுதான் ஆகாதாம்.

அன்றோடு உன் அம்மாவும் நிறுத்திவிட்டாள். "உங்களை வேடிக்கை பார்க்க வச்சுட்டு நான் எப்படிங்க சாப்பிடறது?" என்று ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் புத்தி போகுமா? செப்டம்பரில் முடிவெட்டப் போன இடத்தில் கடைக்கார நண்பன் நொபுகியோ காலைச் சாப்பாட்டில் இருந்தான், "ஒரு கிண்ணத்துல என்னடா ஆயிடும்?" என்றான். சாப்பிட்டுவிட்டேன். இரண்டு கோப்பை டீயால் வாயைக் கொப்பளித்து, கடைக் கண்ணாடியில் மீசையைத் துடைத்து, நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன். சட்டைப் பொத்தானில் ஒரு நூல் காய்ந்து பளபளத்ததை நான் பார்க்கவில்லை. உன் அம்மா பார்த்தாள். மறுநாளே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ரத்தப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. "ஐயா, யார் வீட்டுல சாப்பிட்டீங்க?" என்றாள் இசாகா. ஒரே ஒரு கிண்ணம் என்றேன். அதிலிருக்கும் நுண்ணுயிர் வயிற்றுக்குள் போயும் நாலைந்து நாள் வைட்டமின் கே-யைச் செய்துகொண்டே இருக்குமாம், அதற்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். உன் அம்மா கைக்குட்டையை எடுத்தாள். அவள் அழுது நான் பார்த்தது உன் கல்யாணத்தில்தான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அதோடு விடவில்லை. வந்ததே வந்தோம் என்று உன் அம்மாவின் எலும்பையும் பார்த்தார்கள், போன வருடத்தைவிட மெலிந்திருக்கிறது. "நட்டோவை ஏன்மா நிறுத்தினீங்க? உங்க எலும்புக்கு அதே வைட்டமின் கே வேணுமே" என்று இசாகா கேட்க, இவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது "நான் பால் குடிச்சுக்கறேங்க" என்கிறாள், பால் குடித்தாலே வயிற்றைக் கலக்கும் மனுஷி.

மறுநாள் காலையில் நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். நானே கிண்டினேன். எங்கள் பழைய சண்டை உனக்குத் தெரியும், ஐம்பது சுற்றுக் கிண்டிய பிறகே சோயா சாஸ் என்பேன் நான், முதலிலேயே ஊற்ற வேண்டும் என்பாள் அவள். நாற்பத்தொரு வருடம் நான் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று சாஸை முதலில் ஊற்றினேன். "ஏங்க, கை தவறிடுச்சா?" என்றாள். "உன் கிண்ணம்தானே" என்றேன். முதல் நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டாள். இப்போது என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நான் டோஃபுவில் இஞ்சி வைத்துச் சாப்பிடுகிறேன். நாக்கு ஊறத்தான் செய்கிறது. ஊறட்டும்.

புத்தாண்டுக்கு வரும்போது அங்கே நீயே செய்த நட்டோவை எனக்குக் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். கொண்டு வா, ஆனால் அம்மாவிடம் கொடு. என் கண்ணில் படாமல் வைக்கத் தேவையில்லை, கிண்டப்போவது நான்தான். நீயும் வெறும் காப்பியும் ரொட்டியுமாக ஓட்டாதே, உனக்கும் அவள் எலும்புதான். காதைப் போர்த்திக்கொண்டு வெளியே போ. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. இத்தனை வருடமும் எனக்காக ஐம்பது சுற்றுக் கிண்டியது அவள் கைதான். இப்போது நானே கிண்டும்போதுதான் தெரிகிறது, மணிக்கட்டு இப்படி வலிக்கும் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
நெமோட்டோ கென்சாகு