உப்பு இன்ஸ்பெக்டரின் அறிக்கை

3 மார்ச் 1958

பிள்ளைச்சாவடி மகாஜனங்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது: எங்கள் வீட்டு உப்புச் சட்டி இன்று காலை பதவியிலிருந்து இறக்கப்பட்டது. மூன்று வருஷம் முன்னால் புதுச்சேரியை விட்டு பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறினான். இன்று உப்பு பரண் ஏறியது.

காரணம் அப்பா. போன வாரம் கட்டுமரம் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். காலும் வீங்கியபின் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் ஏறி இதயம் களைத்துவிட்டதாம். மாத்திரை கொடுத்து, உப்பு கூடாது என்றார் டாக்டர். வீக்கம் வடியவில்லையானால் — அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

உப்பு இன்ஸ்பெக்டராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது.

6 மார்ச்

அப்பா கஞ்சியைத் தள்ளிவிட்டார். மூன்றாவது நாள். அம்மா அழுகிறாள்.

8 மார்ச்

வெற்றி. இரண்டு வேளையும் கஞ்சி காலி. உப்பு ஒரு கல் கூட இல்லை. எப்படி என்று கேட்கக்கூடாது, இன்ஸ்பெக்டரின் சாமர்த்தியம்.

14 மார்ச்

ஆஸ்பத்திரி நர்ஸ் மணியம்மாள் வந்திருந்தார். ரெட்டியார்பாளையத்துக்காரர். ஆம்பளைகள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்று, கட்டுமரங்கள் கரையேறும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வருகிறார்.

சுப்ரமணி மாமாவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். “கைய கட்டிட்டியே, வலைய எவன் இழுப்பான்?” என்றார் மாமா.

“நீ வுழுந்தா எவன் இழுப்பான், அத சொல்லு முதல்ல.”

இன்று சோதித்த இருபத்து மூன்று பேரில் பதினோரு பேருக்கு அழுத்தம் அதிகம். “போன வருசம் இந்தக் கரையிலேர்ந்து நாலு பேரு போயிட்டாங்க. அத்தனை பேரும் வாயுன்னு சொல்லிட்டு இருந்துட்டு, கடைசியில வந்தாங்க” என்றார் மணியம்மாள். நாலு பேரின் பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

19 மார்ச்

அப்பாவுக்கு வீக்கம் கூடிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

“திருட்டுத்தனமா உப்பு போடறியாம்மா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம். தாலியைப் பிடித்துச் சத்தியம் பண்ணினாளாம் அம்மா.

இன்னிக்கு கேலி வரல. அவரு இல்லன்னா — வேணாம்.

20 மார்ச்

மணியம்மாள் சாப்பாட்டு வேளையில் வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அவருக்கு வெக்கிறதயே எனக்கும் வெய்யி, அஞ்சம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உப்பில்லாத கஞ்சி. பக்கத்தில் சுட்ட கருவாடு, நாலு துண்டு. ஒன்றைக் கடித்தார்.

“தினமும் நாலா?”

“முன்ன ஒண்ணுதாம்மா. உப்பில்லாத கஞ்சி தொண்டையில எறங்கலியே” என்றாள் அம்மா.

மணியம்மாள் திட்டவில்லை. மிச்சக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னார். அந்தத் தண்ணீரை இரும்புச் சட்டியில் வற்றக் காய்ச்சச் சொன்னார். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. சுரண்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். நாக்கில் வைத்துப் பார்த்த அம்மா, “உப்பு” என்றாள்.

28 மார்ச்

இப்போது குப்பத்தில் தினம் ஒரு வீட்டில் கருவாட்டுத் தண்ணீர் கொதிக்கிறது. டாக்டர் பேச்சை யாரும் கேட்டதில்லை. சட்டி சொன்னால் கேட்கிறார்கள். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருந்தால் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பேன். அந்தம்மா பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

அப்பாவுக்குப் பச்சை மீன், புளி, மிளகு.

11 ஏப்ரல்

வீக்கம் வடிந்துவிட்டது. கணுக்கால் எலும்பு தெரிகிறது. அப்பா கரை வரைக்கும் நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் காப்பாற்றியதே நான்தான் என்று அளந்துவைத்திருக்கிறேன். இன்று மணியம்மாளும், “உப்ப நீதான் காவல் காத்தியாமே” என்றார். நன்றாயிருந்தது. பிறகு நன்றாயில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா கஞ்சியைத் தள்ளிய அன்று, “உப்புக்குத்தானே தடை? கருவாடு மீன் சாதி, அதுக்குத் தடையே இல்ல” என்று வக்கீல் மாதிரி வாதாடியது நான். வீடே சிரித்தது. மறுநாளிலிருந்து நாலு நாலாகச் சுட்டுப் போட்டதும் நான்தான்.

பக்கத்திலிருந்த அப்பாதான் பேசினார்:

“தின்னது நானு. நீ போயி அம்மாவ கஞ்சி ஊத்தச் சொல்லு.”