இடுப்பைத் திருப்பாதே என்ற அண்ணைக்கு

என் ஆசை அண்ணைக்கு,

நேற்று எங்கள் ஊர் வெக்ஸ்போர்ட்டில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பெரிய ஸ்னோ கொட்டியது. காலையில் கதவைத் திறந்ததும் என் கண் நேரே எதிரேயுள்ள உங்கள் வீட்டு வாசல் டிரைவ்வேக்குத்தான் போனது. எனக்கு முன்னால் இறங்கிவிட்டீர்களா என்று பார்க்கிற பழக்கம், நீங்கள் போய் மூன்று மாதமாகியும் விடவில்லை.

நேரில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. அதுவும் ஸ்னோ வழிக்கிற விஷயத்தில். சிரிக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். முழங்காலை மடித்து, ஷவலில் பாதி மட்டும் அள்ளி, முடிந்த இடமெல்லாம் தூக்காமல் தள்ளிக்கொண்டே போவீர்கள். நான் குவித்து அள்ளித் தோளுக்கு மேலால் வீசுவேன். உங்களுக்கு முன்னால் முடிப்பேன். ஆனாலும் என் மனைவி மலர் ஜன்னலில் நின்று என்ன சொல்வாள்? "உங்கட அண்ணையைப் பாருங்கோ, என்ன வடிவா வழிக்கிறார். நீங்களும் இருக்கிறியளே!" ஒருநாளாவது என்னைப் பார்த்து அப்படிப் பூரித்திருப்பாளா?

போன தை மாதத்துக் காலை நினைவிருக்கிறதா? தெரு துப்புரவாக்கும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன ஈர ஸ்னோக் கட்டிகளை இருவரும் அவரவர் பக்கத்தில் வழித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் கத்தினீர்கள்: "டேய் தம்பி, ஈர ஸ்னோ பாரமடா. கொஞ்சமா அள்ளு. காலைத் திருப்பு, இடுப்பைத் திருப்பாதை!"

மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனாலேயே இன்னும் குவித்து அள்ளி, நின்றபடியே முறுக்கி வீசினேன். இடுப்பில் சுரீரென்று பிடித்தது. ஸ்னோவிலேயே விழுந்துவிட்டேன்.

என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் சோபாவில் கிடத்திவிட்டு, மிச்சத்தையும் நீங்களே வழித்தீர்கள். வாசலில் மலர் உங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. இடுப்பு வலியைவிட அதுதான் எரிந்தது. நீங்கள் உள்ளே வந்ததும் கேட்டேன்: "இப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே?"

நீங்கள் கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"இஞ்ச வந்த புதுசில வேர்ஹவுஸில பெட்டி தூக்கி என்ர முதுகு பழுதாப் போச்சுதடா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுதான் உப்பிடிப் பயந்து பயந்து வழிக்கிறன். நீ அள்ளி எறியிறதைப் பாத்து எனக்கு எத்தினை நாள் எரிஞ்சிருக்குத் தெரியுமே?"

எனக்கும் அதே எரிச்சல்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல ஏன் வாய் வரவில்லை, அண்ணை? புரட்டாதியில் உங்கள் இதயம் நின்றபோது அந்தப் பதில் என்னிடமே தங்கிவிட்டது.

நேற்று முழங்காலை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே மூச்சு வாங்கி, இரண்டு வாசலையும் வழித்தேன். இடுப்பு ஒன்றும் செய்யவில்லை. அண்ணி கதவைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஓம், பரவாயில்லை. ஆனா அவர் ஓரமெல்லாம் நேரா வெட்டுவார்."

இல்லாமல் போயும் நீங்கள்தான் முதல்! திரும்பவும் எரிந்தது. ஆனால் ஷவலை எடுத்து ஓரத்தை நேராக வெட்டினேன். முடியும் வரை அண்ணி கதவை மூடவில்லை.

அண்ணி வாசலில் ஸ்னோ கிடக்க விடமாட்டேன். இடுப்பையும் முறுக்கமாட்டேன். பொறாமையை விடுவேன் என்று மட்டும் வாக்குத் தர முடியவில்லை.

உங்களுக்கு அடுத்ததாகப் பிறந்த
தம்பி