சேது எழுதின ஸ்கோர் பேஜ்

பிப். 4, புதன்

காலைல பனி. ஆவடி பஸ் கம்பி ஐஸ் குச்சி மாதிரி. ஃப்ரெண்டு சேதுவோட அப்பாவுக்கு ஃபேக்டரில மாற்றல், வடக்கே, ரயில்ல ரெண்டு ராத்திரி. குவார்ட்டர்ஸ் வாசல்ல ஆட்டோ ஏறும்போதும் சேதுவுக்கு அதே பேச்சு: "மாமே, வெள்ளிக்கிழமை மேட்ச்சுக்கு நம்ம பேஜ் ஓடணும். நீதான் கீற. அதான் பயமா கீது."

காலேஜ் கிரிக்கெட்டுக்கு அவன் எழுதின ஸ்கோர் பேஜ். எல்ம்னு ஒரு ப்ரோக்ராம் மொழி. முழுக்க ஃபங்ஷன்தான். வெச்ச மதிப்பை நடுவுல எவனும் மாத்த முடியாது. ஒவ்வொரு பந்தும் வரிசைல சேரும், ஸ்கோரை முதல் பந்துலேர்ந்து கணக்கு போட்டுக்கும். தப்பா போட்ட பந்தை எடுத்துட்டா ஸ்கோர் தானா சரியாயிடும்.

சாயந்தரம் சின்ன சேட்டை. மெக்கானிக்கல் டீமுக்கு ரன்னுக்குப் பதில் "வடை" ஏறுற மாதிரி எழுதினேன். கோடைச் சரிபாக்குற கம்பைலர் விடல. இங்கே எண் வரணும், நீங்கள் எழுத்து கொடுத்திருக்கிறீர்கள்னு பொறுமையா ஒரு பத்தி. எங்க வீட்டுல யாரும் இவ்ளோ மரியாதையா என்னைத் திட்டினதில்ல.

பிப். 5, வியாழன்

வெயில். கேன்டீன் பஜ்ஜி = எண்ணெய் + நம்பிக்கை.

கம்ப்யூட்டர் சார்: "வைடு பட்டன் எங்கடா?"

இல்ல. குவார்ட்டர்ஸ் கிரவுண்டுல வைடே கிடையாது, எங்க ரூல். சேதுவுக்கு கிரிக்கெட்னா அதான்.

வைடுன்னு ஒரு வார்த்தை சேர்த்தேன். விட்டுப்போன இடத்தையெல்லாம் கம்பைலரே காட்டிக் குடுத்துது. இதுக்குத்தான் சேது இந்த மொழிக்கு உயிரை விடுவான். ஒண்ணொண்ணா சரி பண்ணேன். வைடை ஓவர்ல எண்ணக்கூடாது, அந்தக் கணக்கு மட்டும் மசியல. ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷன். படிக்க வருது, தொட வரல. ரயில்ல போற சேது போன் கிடைக்கல.

சார்: "உன் ஜூனியர் ஜெகன் ஜாவாஸ்கிரிப்ட்ல வேற பேஜ் போட்டே முடிச்சிட்டான். இதைத் தூக்கு. எழுதினவன் போயிட்டான், யாரு பாத்துப்பா?"

லேப்டாப்பைப் பாதி மூடி, திரும்பத் திறந்தேன்.

ஜெகன்: "இன்னா அண்ணாத்தே, சார்ஜ் இல்லியா?"

சேது பேஜைத் தூக்கினேன். நானே.

பிப். 6, வெள்ளி

மேகம். மழை வந்தா நல்லாருக்கும். வரல.

மேட்ச் நடுவுல ஜெகன் தெரியாம அவுட் பட்டனை அழுத்திட்டான், திரும்ப எடுக்க வழியில்ல. ஆள் நின்னு ஆடறான், ஜெகன் பேஜ்ல விக்கெட் போனது போனதுதான். நான்: "சார், சேது பேஜ்ல இது..."

சார்: "விடுடா. பேப்பர்ல குறிச்சிக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. மேட்ச் பாட்டுக்கு நடந்துது. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

சேது மெசேஜ்: "மாமே, வந்து சேந்துட்டோம். நம்ம பேஜை ஒரு போட்டோ அனுப்பு. அப்பாவுக்குக் காட்டணும்."

கிரவுண்டை எடுத்து அனுப்பினேன். ஜெகன் பேஜ் ஓடுற ஸ்கிரீன் தெரியாத மாதிரி.