நான்காம் சுவிட்ச், பதினொன்றாம் போர்ட்

நாள் 212, 08:05
வழக்கமான பதிவு. இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் செண்பகவல்லி, இந்த நிலவுத் தள அலுவலகத்தின் நெட்வொர்க் பொறுப்பாளர். தளத்தில் இரண்டே பேர். இன்னொருவன் ஞானதுரை, பதினான்கு கிலோமீட்டர் தள்ளித் துளையிடும் கூடத்தில் இருக்கிறான். நடுவில், கருவிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் நான்கு, வரிசையாக. எந்தக் கருவியைச் செருகினாலும் சுவிட்ச் முதலில் பெயர் கேட்கும், சர்வரிடம் சரிபார்க்கும், பிறகுதான் அது செருகிய துளையை, அதாவது போர்ட்டைத் திறக்கும். கருவிகள் மணிக்கொரு முறையும் சுவிட்சுகள் ஆறு மணிக்கொரு முறையும் மறுபடி தங்களை நிரூபிக்க வேண்டும்.

சர்வர் பேசாவிட்டால் தெரிந்த கருவிகளைச் சரிபார்க்காமலே உள்ளே விடலாம் என்றொரு சலுகை இருந்தது. பூமியிலுள்ள தணிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். போன வாரம் எடுத்துவிட்டேன், சர்வர் இல்லாமலே நான் நுழையும் அவசர லாகினையும் சேர்த்து. ரேடியோவில் ஞானதுரை கேட்டான்: "ரெண்டே பேரு இருக்கோம். யாரைக் கண்டு இம்புட்டு காவல் போடுதே, செம்பா?" தணிக்கையில் நூற்றுக்கு நூறு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று வேறொன்றும் கேட்டான். ஊர் திரும்பியதும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. சும்மா பிகு செய்தேன்.

நாள் 212, 10:20
நில அதிர்வு. சர்வர் அறை நொறுங்கியது. ரேடியோக் கம்பம் விழுந்தது. சுரங்கப்பாதை சரிந்து அவன் கதவை அடைத்துவிட்டது. நான்காம் சுவிட்ச் ஓடுகிறது, ஆனால் பாறைக்குள், இருவர் கைக்கும் எட்டாமல். வண்டி அவனிடம். என் உடையில் காற்று நான்கு கிலோமீட்டர் நடக்கத்தான் போதும்.

நாள் 212, 11:00
கூடத்தின் காற்று வால்வும் ஒரு கருவிதான். மணியானதும் சுவிட்ச் அதனிடம் பெயர் கேட்டது. சரிபார்க்க சர்வர் இல்லை. போர்ட் மூடியது, வால்வும் மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் காற்று ஏழு மணி நேரம் வரும். போர்ட்டைத் திறக்க என்னால் முடியவில்லை. என் லாகினையும் அந்தச் செத்த சர்வர்தான் சரிபார்க்க வேண்டும்.

நாள் 212, 12:10
மூடிய போர்ட்டும் ஒன்றை மட்டும் உள்ளே விடும், பெயரை. மறுத்த பெயர்களைச் சுவிட்ச் என் திரைக்கு அனுப்பும். இப்போது அவன் கணினி செருகியிருக்கும் பதினொன்றாம் போர்ட்டில் இப்படி ஒரு பெயர்:
"செம்பா இது நாந்தான். வால்வு மூடிட்டு. தெறக்க வழி இருக்கா"
மறுக்கப்பட்டது.
பெயர்க் கட்டத்தில் கடிதம் எழுதுகிறான். நான் பதில் எழுத ஒரு கட்டமும் இல்லை. சுவிட்ச் மட்டும் பதில் சொல்கிறது.

நாள் 212, 14:35
மூன்று முறை சுவிட்சின் நிர்வாகத் திரைக்குள் பூட்டை உடைத்து நுழையப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருக்கிறேன், பாவி.
"நீ பாக்கேன்னு தெரியும். ஒம்மேல தப்பு இல்ல"
மறுக்கப்பட்டது.
"நேத்து கேட்டதுக்கு என்ன யோசிச்சே"
மறுக்கப்பட்டது.
திரையைப் பார்த்துச் சரி, சரி என்று கத்தினேன்.

நாள் 212, 15:58
நான்கு மணிக்குச் சுவிட்சுகள் தங்களை நிரூபிக்க வேண்டிய முறை. அதன்பிறகு பெயரும் வராது.
"குளிருது. நீ சாப்டியா"
மறுக்கப்பட்டது.

நாள் 212, 16:00
இணைப்பு மூடியது.

நாள் 213
இல்லை. எழுத வரவில்லை.

நாள் 224, 10:40
மீட்புக் குழு வந்தது. கூடத்தை இன்னும் தோண்டுகிறார்கள். நான் புது சர்வரை நிறுவினேன். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவன் கணினி சூரியத் தகட்டில் ஓடுவதால், கடைசியாக அடித்த பெயரைப் பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினொன்றாம் போர்ட்:
"பதில் அவசரமில்ல செம்பா. இங்கனதான் இருக்கேன்"
மறுக்கப்பட்டது.

நாள் 224, 10:50
அந்த வரியை அப்படியே பயனர் பட்டியலில் சேர்த்தேன். வேறு சரிபார்ப்பு வேண்டாம் என்று குறித்தேன். தணிக்கையில் பெரிய குற்றம். இனி இந்தத் தளத்துக்கு வருபவரே, அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

10:52 ஏற்கப்பட்டது.
11:52 ஏற்கப்பட்டது.
12:52 ஏற்கப்பட்டது.